கூண்டில் நிற்கும் சிந்தனை

உரைநடை உலகம் – நாடகத் திறனாய்வு

நுழையும்முன்

பிறர் பொருளைக் கவர்ந்தவர், பிறரைத் தாக்கியவர், பிறர் நிலத்தின் எல்லையை மீறியவர் எனக் குற்றவாளிக் கூண்டில் ஏறுவோர் பலர். ஒரு கருத்தை வகுப்பறையில் எடுத்துரைத்தமைக்காக ஆசிரியர் ஒருவர் அக்கூண்டில் ஏற்றப்பட்டால், அங்கே விசாரிக்கப்படுவது யார்? அந்த மனிதரா, அவருடைய சிந்தனையா? இவ்வினாவை எழுப்பி உலகின் பல மேடைகளில் நடிக்கப்பெற்ற அமெரிக்க நாடகம் ‘இன்ஹெரிட் த விண்ட்’. அதன் பாத்திரங்களையும் மையக்கருத்துகளையும் ஆராய்கிறது இப்பாடம்.

கற்றல் நோக்கங்கள்

- நீதிமன்ற நாடகத்தின் அமைப்பினையும் இயல்புகளையும் அறிதல்.
- சொல், செயல், மாற்றம் ஆகியவற்றின் வழியே பாத்திரப் பண்புகளை மதிப்பிடுதல்.
- கதைப்பொருளுக்கும் மையக்கருத்துக்கும் உள்ள வேறுபாட்டை உணர்தல்.
- வரலாற்று நிகழ்வு நாடகமாகும்போது பெறும் மாற்றங்களை ஒப்பிட்டு அறிதல்.

நாடகத்தின் பின்புலம்

1925ஆம் ஆண்டு அமெரிக்காவின் டென்னசி மாநிலம் ஒரு சட்டத்தை இயற்றியது. மனிதன் இறைவனால் படைக்கப்பட்டான் என்னும் விவிலியக் கூற்றை மறுத்து, கீழ்நிலை உயிரினங்களிலிருந்து தோன்றினான் எனக் கற்பிப்பதை அரசு நிதி பெறும் கல்வி நிறுவனங்களில் அச்சட்டம் தடைசெய்தது. சார்லஸ் டார்வின் 1859ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலால் பரவிய பரிணாமக் கொள்கை இவ்வாறு வகுப்பறைக்கு வெளியே நிறுத்தப்பட்டது. அச்சட்டத்தை மீறியதாக டேட்டன் என்னும் சிற்றூரைச் சேர்ந்த ஜான் ஸ்கோப்ஸ் என்ற இளம் ஆசிரியர்மீது வழக்குத் தொடரப்பட்டது. நாட்டின் புகழ்மிக்க வழக்குரைஞர் கிளாரன்ஸ் டாரோ ஆசிரியருக்காக வாதாடினார். குடியரசுத் தலைவர் தேர்தலில் மும்முறை போட்டியிட்ட வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையன் அரசுத் தரப்பில் நின்றார்.

முப்பது ஆண்டுகளுக்குப் பின்னர் ஜெரோம் லாரன்ஸ், ராபர்ட் ஈ. லீ என்னும் இரு நாடகாசிரியர்கள் இவ்வழக்கைத் தழுவி நாடகம் படைத்தனர். அவர்கள் எழுதிய காலத்தின் நிலையையும் நாம் அறிதல் வேண்டும். 1950களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் செனட்டர் ஜோசப் மெக்கார்த்தியின் பெயரோடு இணைத்துப் பேசப்படும் ஓர் அச்சம் நிலவியது. பொதுவுடைமைக் கருத்துடையவர் என ஐயுறப்பட்ட எழுத்தாளர்களும் கலைஞர்களும் ஆசிரியர்களும் விசாரணைகளுக்கு உள்ளாயினர், பலர் பணியிழந்தனர். அந்நிலையை நேரே பேசாமல், முன்னைய வழக்கொன்றின் வழியே பேசினர் நாடகாசிரியர்கள். ஆர்தர் மில்லர் 1953ஆம் ஆண்டில் ‘த குருசிபிள்’ நாடகத்தில் பதினேழாம் நூற்றாண்டுச் சூனியக்கார வழக்குகளைக் கையாண்டதும் இத்தகைய உத்தியே. நிகழ்காலத்தைப் பேசக் கடந்தகாலத்தைக் கருவியாகக் கொள்ளும் இம்முறை, நாடக இலக்கியத்தின் பழைய வழக்கங்களுள் ஒன்றாகும்.

கதைச்சுருக்கம்

ஹில்ஸ்பரோ என்னும் கற்பனைச் சிற்றூரில் பெர்ட்ரம் கேட்ஸ் என்னும் இளம் ஆசிரியர், பரிணாமக் கொள்கையைக் கற்பித்தமைக்காகச் சிறையில் வைக்கப்படுகிறார். அரசுத் தரப்புக்குத் துணையாக மேத்யூ ஹாரிசன் பிரேடி ஊர்வலத்துடனும் விருந்துடனும் வரவேற்கப்படுகிறார். கேட்ஸுக்காக வாதாட ஹென்றி டிரம்மண்ட் வருகிறார். அவரை வரவேற்க ஊரார் எவரும் இல்லை. டிரம்மண்ட் அழைத்துவந்த அறிவியல் அறிஞர்களின் சாட்சியம் வழக்குக்குத் தொடர்பற்றது என நீதிபதி மறுத்துவிடுகிறார். வழியடைபட்ட நிலையில் அவர், விவிலியத்தை நன்கு அறிந்தவர் என்ற முறையில் எதிர்த்தரப்பின் பிரேடியையே சாட்சிக் கூண்டுக்கு அழைக்கிறார். பிரேடியின் உறுதிப்பாடு மக்கள்முன் தளர்கிறது. எனினும் நடுவர் குழு கேட்ஸைக் குற்றவாளி எனத் தீர்ப்பளிக்கிறது. நூறு டாலர் தண்டம் விதிக்கப்படுகிறது. தம் இறுதியுரையை எவரும் கேட்காத நிலையில் பிரேடி மயங்கி வீழ்ந்து இறக்கிறார். கேட்ஸ் தம் காதலி ரேச்சலுடன் ஊரைவிட்டுப் புறப்படுகிறார். நீதிமன்றத்தில் தனித்து நிற்கும் டிரம்மண்ட், டார்வினின் நூலையும் விவிலியத்தையும் ஒருசேர எடுத்துக்கொண்டு வெளியேறுகிறார்.

நீதிமன்றமே மேடையாக

நீதிமன்றக் காட்சி தமிழ் இலக்கியம் பயில்வோர்க்குப் புதிதன்று. சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையில் கண்ணகி பாண்டியன் அவையில் நின்று வழக்குரைக்கிறாள். அங்கே சிலம்பின் பரல் கண்முன் தெறித்து உண்மையை நிலைநாட்டுகிறது. ‘இன்ஹெரிட் த விண்ட்’ நாடகத்தில் அத்தகைய சான்றுப்பொருள் எதுவும் இல்லை. கேட்ஸ் பாடம் நடத்தினாரா என்பதில் ஐயமே இல்லை. சட்டம் மீறப்பட்டதும் உண்மையே. ஆகவே ‘செய்தாரா, இல்லையா’ என்னும் வினா இங்கே முதன்மை பெறவில்லை. ‘இதைக் குற்றமாக்கிய சட்டம் முறையானதா’ என்னும் வினாவே நாடகத்தை நடத்திச் செல்கிறது.

மேடை அமைப்பும் இக்கருத்துக்குத் துணைநிற்கிறது. நீதிமன்றம் சுவர்களின்றி முன்னே அமைய, ஊரின் தெருவும் கடைகளும் பின்னே எப்போதும் கண்ணுக்குத் தெரியவேண்டும் என நாடகாசிரியர்கள் குறித்துள்ளனர். தனியொருவர் மட்டுமன்றி அவ்வூரே விசாரணைக்கு உள்ளாகிறது என்பதைச் சொல்லின்றி உணர்த்தும் அமைப்பு இது. காலத்தையும் நாடகாசிரியர்கள் திட்டமாகக் குறிக்கவில்லை. நெடுநாள்களுக்கு முன்பன்று என்ற அளவில் நிறுத்திக்கொள்கின்றனர். இன்றும் நாளையும் எங்கும் நிகழக்கூடியது இது என்பது குறிப்பு.

பாத்திரங்களை அறியும் முறை

நாடகத்தில் கதைகூறி இல்லை. இவர் நல்லவர், இவர் தீயவர் என்று எடுத்துரைப்பார் இல்லாமையால், பாத்திரத்தின் இயல்பை நாமே உய்த்துணர வேண்டும். அதற்கு நான்கு வினாக்கள் துணைபுரியும். அப்பாத்திரம் என்ன சொல்கிறது? என்ன செய்கிறது? அதனைப் பற்றிப் பிறர் என்ன கூறுகின்றனர்? தொடக்கத்திலிருந்து முடிவுவரை அது எவ்வாறு மாறுகிறது? சிந்தனை உரிமையைப் பேசும் இந்நாடகத்துக்கு ஐந்தாவது வினா ஒன்றையும் சேர்த்துக்கொள்ளலாம். தன் கருத்துக்கு மாறான கருத்துடையவரை அப்பாத்திரம் எவ்வாறு நடத்துகிறது?

பெர்ட்ரம் கேட்ஸ்

கேட்ஸ் வீரவுரை ஆற்றும் தலைவர் அல்லர். அமைதியும் தயக்கமும் உடைய எளிய ஆசிரியர். தாம் செய்தது சரியா என்னும் குழப்பம் அவருக்கும் உண்டு. வழக்கை விட்டுவிடுமாறு ரேச்சல் வேண்டும்போது அவர் மனம் அசைகிறது. அச்சமின்மை என்பது அஞ்சாதிருத்தல் அன்று. அஞ்சியபோதும் பின்வாங்காதிருத்தல் என்பதை இப்பாத்திரம் காட்டுகிறது.

அவர் ஏன் திருச்சபையை விட்டு விலகினார் என்பதும் விசாரணையில் வெளிப்படுகிறது. அவரிடம் அன்புகொண்டு பழகிய ஸ்டெபின்ஸ் என்னும் சிறுவன் நீரில் மூழ்கி இறந்தான். திருமுழுக்குப் பெறாதவன் ஆதலால் அவன் இறையருள் பெற்றவனாக இறக்கவில்லை என்று மதபோதகர் இறுதிச்சடங்கில் கூறினார். அச்சொல்லே கேட்ஸைக் கோவிலிலிருந்து வெளியேற்றியது. அவருடைய எதிர்ப்பு, புத்தக அறிவிலிருந்து மட்டும் பிறந்ததன்று; ஒரு குழந்தையின்பால் காட்டப்பட்ட இரக்கமின்மையைக் கண்டு பிறந்தது. ரேச்சலைச் சாட்சிக் கூண்டில் ஏற்றித் தமக்கு எதிராகவே பேசவைத்தபோதும், அவளைக் குறுக்கு விசாரணையால் துன்புறுத்த வேண்டாம் எனத் தம் வழக்குரைஞரிடம் அவர் வேண்டுகிறார். வழக்கில் தமக்கு விளையக்கூடிய நன்மையைவிட ரேச்சலின் துயரை அவர் பெரிதாகக் கருதுகிறார்.

ஹென்றி டிரம்மண்ட்

டிரம்மண்டின் ஆற்றல் அவருடைய கூரிய சொல்லிலும் நகைச்சுவையிலும் உள்ளது. பிரேடிக்கு ஊரார் அளித்த ‘கர்னல்’ என்னும் சிறப்புப் பட்டம் நடுவர் குழுவைச் சார்புடையதாக்கும் என்று அவர் வாதிடுகிறார். சிக்கலைத் தீர்க்க வழியறியாத நகரத்தலைவர், டிரம்மண்டுக்கும் தற்காலிகக் ‘கர்னல்’ பட்டம் அளிக்கிறார். பார்வையாளர் சிரிக்கும் இக்காட்சியில் ஆழ்ந்த கருத்தொன்று உண்டு. இருதரப்பாரும் ஒரே தளத்தில் நின்றால்தான் வழக்கு வழக்காகும்.

விவிலியத்தைப் படிக்குமாறு கூறும் பதாகை நீதிமன்றத்துக்கு வெளியே தொங்குவதையும் அவர் எதிர்க்கிறார். அதை அகற்ற வேண்டும். இல்லையெனில் டார்வினைப் படிக்கச் சொல்லும் பதாகையொன்றும் அதே அளவில் தொங்க வேண்டும் என்பது அவர் கோரிக்கை. நீதிபதி தம் இருக்கையிலிருந்தே வழிபாட்டுக் கூட்டம் ஒன்றை அறிவிக்கும்போதும், பரிணாமக் கொள்கையாளர் கூட்டத்தையும் அவ்வாறே அறிவிப்பாரா எனக் கேட்கிறார். சமயத்தை ஒழிக்க அவர் வரவில்லை. ஒன்றுக்கு உள்ள இடம் மற்றதற்கும் வேண்டும் என்று கேட்கவே வந்திருக்கிறார்.

மேத்யூ ஹாரிசன் பிரேடி

பிரேடியை வில்லனாக மட்டும் காண்போர் இந்நாடகத்தைப் பாதியே படித்தவர் ஆவர். அவர் எளிய மக்களின் நம்பிக்கைக்குரியவர்; மும்முறை தேர்தலில் தோற்றும் மக்களின் அன்பை இழக்காதவர். டிரம்மண்டும் ஒருகாலத்தில் அவருடைய தேர்தலுக்குத் துணைநின்றவரே. மதபோதகர் பிரவுன் தம் மகளையே சபிக்கத் துணியும்போது, கூட்டத்தின் நடுவே எழுந்து அதைத் தடுப்பவர் பிரேடிதான். நாடகத்தின் தலைப்புக்கு மூலமான விவிலியக் கருத்தை அக்காட்சியில் எடுத்துரைப்பவரும் அவரே.

ஆயினும் அவரிடம் பெருங்குறை ஒன்றுண்டு. தம் கருத்தையும் இறைவனின் விருப்பத்தையும் அவர் பிரித்தறியவில்லை. ரேச்சல் நம்பிக்கையோடு தம்மிடம் கூறியவற்றைச் சாட்சிக் கூண்டில் அவளுக்கு எதிராகவே பயன்படுத்தவும் அவர் தயங்கவில்லை. மக்களின் கைதட்டலே அவருக்கு உயிர்மூச்சு. அது நின்றபோது அவருடைய வாழ்வும் நின்றுவிடுகிறது. வீழ்ந்த நிலையில், குடியரசுத் தலைவராகப் பதவியேற்கும்போது ஆற்றவென்று நெடுங்காலம் மனத்தில் சுமந்த உரையை அவர் வாய் பிதற்றுகிறது. பார்வையாளர் மனத்தில் வெறுப்பு மறைந்து இரக்கம் தோன்றும் இடம் இது.

ரேச்சல் பிரவுன்

நாடகத்தில் மிகுதியான மாற்றம் பெறும் பாத்திரம் ரேச்சலே. மதபோதகரின் மகள், அதே பள்ளியின் ஆசிரியை, கேட்ஸின் காதலி. தந்தையின் சொல்லுக்கும் தன் அன்புக்கும் இடையே அவள் நசுங்குகிறாள். சிந்தித்தால் தவறான முடிவுக்கு வந்துவிடுவோமோ என்று அஞ்சிச் சிந்திக்காதிருப்பதையே பாதுகாப்பாகக் கருதியவள் அவள். இறுதிக் காட்சியில் டார்வினின் நூலைப் படித்துவிட்டு வருகிறாள். அதில் பலவும் விளங்கவில்லை. விளங்கியவற்றுள்ளும் சில தனக்கு உடன்பாடில்லை என்கிறாள். எண்ணத்தைக் கருவிலுள்ள குழந்தைக்கு ஒப்பிடும் அவள், அது நலமாகப் பிறந்தாலும் நலமின்றிப் பிறந்தாலும் வெளிவந்தே தீரவேண்டும் என உணர்ந்திருக்கிறாள்.

ரேச்சல் டார்வினின் பக்கம் சேர்ந்துவிடவில்லை என்பதை மாணவர்கள் கருத்தில் கொள்ள வேண்டும். அவள் பெற்றது புதிய நம்பிக்கை அன்று. தானே படித்துத் தானே எடைபோடும் துணிவு.

ஜெரமையா பிரவுனும் ஈ. கே. ஹார்ன்பெக்கும்

மதபோதகர் பிரவுனும் இதழாளர் ஹார்ன்பெக்கும் எதிரெதிர்த் துருவங்கள். முன்னவர் ஐயமே அறியாதவர்; பின்னவர் எதையும் நம்பாதவர். பிரவுன் தம் மகளையும் சபிக்குமளவு கடுமை கொள்கிறார். ஹார்ன்பெக் எவரையும் எள்ளி நகையாடுகிறார். இறந்த பிரேடியையும் விட்டுவைக்கவில்லை. இருவரும் கருத்தால் வேறுபட்டாலும் பிறர்மீது பரிவின்மையால் ஒன்றுபடுகின்றனர். ஹார்ன்பெக்கின் உரையாடல் வசனகவிதை போன்று அடி அடியாக அச்சிடப்பட்டுள்ளது. எல்லாரிடமிருந்தும் விலகி நின்று பேசும் அவருடைய இயல்பை அந்நடையே புலப்படுத்துகிறது.

சிறு பாத்திரங்கள்

ஹோவர்ட் என்னும் மாணவன் சாட்சி சொல்லும் காட்சி சிறியது. ஆனால் நாடகத்தின் உயிர்நிலை போன்றது. ஆசிரியர் கூறியவற்றை நம்புகிறாயா எனக் கேட்கப்பட்டபோது, உறுதியாகத் தெரியவில்லை, யோசித்துப் பார்க்க வேண்டும் என்னும் பொருள்பட விடையளிக்கிறான். பெரியவர்கள் இருதரப்பாகப் பிரிந்து முழங்கும் மன்றத்தில், நிதானமாக விடைகூறுபவன் ஒரு பள்ளி மாணவனே. நகரத்தலைவரோ வேறுவகையானவர். தலைநகரிலிருந்து வந்த தொலைபேசிச் செய்தியையும் நெருங்கிவரும் தேர்தலையும் எண்ணி, தண்டனையைக் குறைக்குமாறு நீதிபதிக்குக் குறிப்புணர்த்துகிறார். வழக்கின் முடிவை அறம் மட்டுமன்றி அரசியலும் வரையறுக்கிறது என்பது இதனால் விளங்கும்.

உச்சக்காட்சி: குறுக்கு விசாரணை

இரண்டாம் அங்கத்தின் இறுதியில் டிரம்மண்ட் பிரேடியை விசாரிக்கும் காட்சியே நாடகத்தின் உச்சம். கதிரவன் நான்காம் நாளில் படைக்கப்பட்டதாக விவிலியம் கூறுகையில், முதல் நாளின் நீளத்தை எவ்வாறு அளந்தனர் என்னும் வினா எழுகிறது. அந்நாள் இருபத்துநான்கு மணிநேரத்தைவிட நீண்டதாக இருந்திருக்கலாம் என்பதைப் பிரேடி மறுக்க இயலவில்லை. நூலின் சொற்களை அப்படியே கொள்ளவேண்டும் என்றவர், விளக்கம் கூறவேண்டிய நிலைக்கு வந்துவிடுகிறார்.

அக்காட்சியில் கடற்பஞ்சு பற்றிய உரையாடல் ஒன்றும் உண்டு. கடற்பஞ்சு சிந்திக்குமா என டிரம்மண்ட் வினவுகிறார். இறைவன் விரும்பினால் அதுவும் சிந்திக்கும் என்கிறார் பிரேடி. அவ்வாறாயின் கடற்பஞ்சுக்கு உள்ள உரிமை மனிதனுக்கு மட்டும் ஏன் மறுக்கப்பட வேண்டும் என்பது டிரம்மண்டின் அடுத்த வினா. எதிராளியின் விடையையே தம் வாதத்துக்கு அடித்தளமாக்கும் இம்முறை, வாதக்கலையின் நுட்பத்துக்குச் சிறந்த எடுத்துக்காட்டு.

இறுதியில் பிரேடி தாமே இறைவனின் குரலை அறிந்தவர்போல் பேசிவிட, அதுவரை அவரைப் போற்றிய கூட்டம் சிரிக்கிறது. அச்சிரிப்பு டிரம்மண்டுக்கு வெற்றியைத் தந்தது. எனினும் கூட்டத்தின் இயல்பை அது மாற்றவில்லை. காலையில் ஒருவரைத் தோளில் சுமந்தோர் மாலையில் அவரை எள்ளுகின்றனர். சிந்தித்து மாறுவதும் காற்றடிக்கும் பக்கம் சாய்வதும் ஒன்றல்ல.

மையக்கருத்துகள்

கதைப்பொருள் என்பது நாடகம் எதைப் பற்றியது என்பது. மையக்கருத்து என்பது அதைப் பற்றி நாடகம் என்ன உணர்த்துகிறது என்பது. இந்நாடகத்தின் கதைப்பொருள் பரிணாமக் கொள்கை வழக்கு. அறிவியலுக்கும் சமயத்துக்கும் இடையிலான போர் எனச் சுருக்கிக் கூறினால் மையக்கருத்து நழுவிவிடும்.

1. சிந்திக்கும் உரிமை: சரியாகச் சிந்திப்பவருக்கு மட்டும் உரிய பரிசாக இந்நாடகம் இவ்வுரிமையைக் காட்டவில்லை. கேட்ஸ், ரேச்சல், ஹோவர்ட், பிரேடி ஆகிய அனைவருக்கும் அது பொது. தவறாக எண்ணும் உரிமை இல்லாத இடத்தில் சரியாக எண்ணும் உரிமையும் நிலைக்காது.

2. சமநிலை: இருதரப்பும் கேட்கப்படாத மன்றத்தில் வழங்கப்படும் தீர்ப்பு, சட்டப்படி செல்லத்தக்கதாயினும் அறத்தின்படி முழுமையாகாது. அறிஞர்களின் சாட்சியம் மறுக்கப்பட்டதும் நீதிபதி வழிபாட்டுக் கூட்டத்தை அறிவித்ததும் இக்கருத்தை உணர்த்தும் நிகழ்ச்சிகள்.

3. பளபளப்பும் உண்மையும்: தீர்ப்புக்காகக் காத்திருக்கையில் டிரம்மண்ட் தம் சிறுவயது நிகழ்ச்சி ஒன்றைக் கேட்ஸுக்குக் கூறுகிறார். கடைக்கண்ணாடிக்குப் பின்னே மின்னிய ஆடுகுதிரை ஒன்றின்மீது ஏழு வயதில் அவர் ஆசைகொண்டார். பெற்றோர் மிகைநேரம் உழைத்தும் சேமித்தும் பிறந்தநாளன்று அதை வாங்கித் தந்தனர். ஏறி அமர்ந்ததும் அது இரண்டாக ஒடிந்தது. உள்ளே உளுத்த மரம், மேலே வண்ணப்பூச்சு. பளபளக்கும் எதையும் பூச்சுக்குப் பின்னே நோக்க வேண்டும் என்பது அவர் கற்ற பாடம்.

இவ்வளவுகோல் இருதரப்புக்கும் பொருந்தும். உண்மை வழக்கில் ஸ்கோப்ஸ் பயன்படுத்தியதாகக் கூறப்பட்ட ‘சிவிக் பயாலஜி’ என்னும் 1914ஆம் ஆண்டுப் பாடநூல் பரிணாமக் கொள்கையை விளக்கியது. அதே நூல் மனித இனங்களை உயர்வு தாழ்வாக வரிசைப்படுத்தி, வெள்ளையரை உச்சியில் வைத்தது. தகுதியற்றவர் எனக் கருதப்பட்டோர் மக்கட்பேறு எய்தாமல் தடுக்கவேண்டும் என்னும் கருத்தையும் ஆதரித்தது. வலியவர் மெலியவரை நசுக்குவதற்குப் பரிணாமக் கொள்கை துணையாக்கப்படும் என்று பிரையன் அஞ்சியதற்கு இத்தகைய கருத்துகளும் காரணம் தந்தன. அறிவியலின் பெயரால் எழுதப்பட்டது என்பதாலேயே ஒரு நூல் வினாவுக்கு அப்பாற்பட்டதாகிவிடாது. பாடநூலும் வினவிப் படிக்கத்தக்கதே.

தெரியுமா?

வரலாறும் நாடகமும்

- நாடகத்தில் கேட்ஸ் சிறையில் வாடுகிறார். உண்மையில், சட்டத்தைச் சோதிக்கும் பொருட்டு டேட்டன் நகரப் பெருமக்கள் கேட்டுக்கொள்ள, 24 வயதான ஸ்கோப்ஸ் வழக்குக்கு உடன்பட்டார். அவர் சிறையில் அடைக்கப்படவில்லை.
- நாடகத்தில் தண்டத்தொகை குறைவென்று பிரேடி சினங்கொள்கிறார். உண்மையில் அத்தொகையைத் தாமே செலுத்த முன்வந்தவர் பிரையன்.
- பிரேடி நீதிமன்றத்தில் வீழ்கிறார். பிரையன், 1925 சூலை 21ஆம் நாள் வழக்கு முடிந்து ஐந்து நாள்கள் கழித்து உறக்கத்தில் இறந்தார்.
- ரேச்சலும் அவள் தந்தையும் கற்பனைப் பாத்திரங்கள்.
- 1927ஆம் ஆண்டில் டென்னசி உச்ச நீதிமன்றம் ஸ்கோப்ஸ் மீதான தண்டனையை நீக்கியது. நடுவர் குழு விதிக்கவேண்டிய தண்டத்தை நீதிபதி விதித்தார் என்னும் நடைமுறைப் பிழையே காரணம். அச்சட்டம் 1967ஆம் ஆண்டுவரை நீடித்தது.

இம்மாற்றங்கள் பிழைகள் அல்ல. இது வரலாற்று நூல் அன்று என நாடகாசிரியர்களே முன்னுரையில் தெளிவுபடுத்தியுள்ளனர். ஆயினும் நாடகத்தைக் கொண்டு அக்காலத்து மாந்தரை எடைபோடுதல் முறையாகாது. மேடையில் சினந்து நிற்கும் ஊரை வைத்து டேட்டன் மக்களை மதிப்பிடுவோமாயின், ஒருதரப்பை மட்டும் கேட்டுத் தீர்ப்பளிக்கும் அதே தவற்றை நாமும் செய்தவராவோம்.

முடிவுக் காட்சியின் உட்பொருள்

வாதத்தில் எதிராளியை வென்ற இடத்தில் நாடகம் முடிந்திருக்கலாம். நாடகாசிரியர்கள் அவ்வாறு முடிக்கவில்லை. பிரேடியின் இறப்புச் செய்தி கேட்டு ஹார்ன்பெக் எள்ளியபோது டிரம்மண்ட் சினங்கொள்கிறார். தம் நம்பிக்கையைக் கொண்டிருக்கக் கேட்ஸுக்கு எவ்வளவு உரிமை உண்டோ, அவ்வளவு உரிமை பிரேடிக்கும் உண்டு என்பது அவர் நிலைப்பாடு. கேட்ஸுக்காக வாதாடியபோது ஊரே அவருக்கு எதிராக இருந்தது. பிரேடிக்காக வாதாடும்போது அவருடைய நண்பரே எதிராக நிற்கிறார். நம் பக்கத்தவரின் உரிமையைக் காப்பது எளிது. எதிராளியின் உரிமையைக் காக்கும்போதுதான் கொள்கை கொள்கையாகிறது. டிரம்மண்டின் உண்மையான வெற்றி குறுக்கு விசாரணையில் இல்லை, இங்கேதான் உள்ளது.

பின்னர் அவர் ஒரு கையில் விவிலியத்தையும் மறுகையில் டார்வினின் நூலையும் எடுத்து எடைபார்ப்பவர்போல் நிற்கிறார். இரண்டையும் அருகருகே பைக்குள் வைத்துக்கொண்டு நடக்கிறார். அவர் ஒன்றை மற்றொன்றுக்குள் அடக்கவில்லை; ஒன்றை எறிந்துவிடவும் இல்லை. சொல்லின்றி நிகழும் இச்செயல் நாடகத்தின் மையக்கருத்தை முழுமையாகத் தாங்கிநிற்கிறது.

தன் வீட்டாரைத் துன்புறுத்திக் குலைப்பவனுக்குக் காற்றைத் தவிர வேறெதுவும் எஞ்சாது என்னும் விவிலிய நீதிமொழிக் கருத்திலிருந்து நாடகத்தின் தலைப்பு பிறந்தது. மாற்றுக் கருத்துடைய மகளைச் சபித்த தந்தைக்கும், மாற்றுக் கருத்துடைய ஆசிரியரைச் சிறையிட்ட ஊருக்கும் இறுதியில் எஞ்சியது எது? ரேச்சல் போய்விட்டாள், கேட்ஸும் போய்விட்டார், வகுப்பறை ஓர் ஆசிரியரை இழந்தது. வேறுபட்டுச் சிந்திப்போரும் நம் வீட்டாரே என்று உணராத சமூகம் காற்றையே உரிமையாகப் பெறும்.

நூல்வெளி

‘இன்ஹெரிட் த விண்ட்’ மூன்று அங்கங்களைக் கொண்ட ஆங்கில நாடகம். ஜெரோம் லாரன்ஸ், ராபர்ட் ஈ. லீ ஆகியோர் இணைந்து எழுதியது. 1955ஆம் ஆண்டு சனவரியில் டெக்சாஸ் மாநிலத்தின் டல்லஸ் நகரில், மார்கோ ஜோன்ஸ் நடத்திய அரங்கில் முதன்முதலாக நடிக்கப்பெற்றது. அவ்வாண்டு ஏப்ரலில் நியூயார்க்கின் பிராட்வே அரங்கை அடைந்தது. அங்கே டிரம்மண்டாக பால் முனி நடித்தார். 1960ஆம் ஆண்டு ஸ்டான்லி கிராமர் இயக்கத்தில் திரைப்படமாகவும் வெளிவந்தது.

சொற்பொருள்

உய்த்துணர்தல் – நேரே கூறப்படாததை ஊகித்து அறிதல். தண்டம் – குற்றத்துக்காகச் செலுத்தும் தொகை. நடுவர் குழு – வழக்கைக் கேட்டுக் குற்றம் உண்டா இல்லையா எனக் கூறும் பொதுமக்கள் குழு (ஜூரி). குறுக்கு விசாரணை – எதிர்த்தரப்புச் சாட்சியை வினவி ஆராய்தல். திருமுழுக்கு – கிறித்தவ சமயத்தில் இணைக்கும் சடங்கு.

கற்பவை கற்றபின்

1. ஹோவர்ட் சாட்சி சொல்லும் காட்சியை உங்கள் சொற்களில் உரையாடலாக எழுதி வகுப்பறையில் நடித்துக் காட்டுக.
2. உங்களுக்கு உடன்பாடில்லாத கருத்து ஒன்றை எடுத்துக்கொண்டு, அதை நம்புபவரே ஏற்கும் வகையில் நேர்மையாக ஒரு பத்தியில் விளக்குக. பின்னர் உங்கள் மறுப்பை அடுத்த பத்தியில் எழுதுக.
3. வழக்குரை காதையில் கண்ணகி வழக்குரைக்கும் முறையையும் டிரம்மண்ட் வாதிடும் முறையையும் ஒப்பிட்டுக் கலந்துரையாடுக.

நம்மை அளவிடுவோம்

பலவுள் தெரிக

1. நாடகத்தின் முடிவில் டிரம்மண்ட் தம் பையில் வைத்துக்கொள்வது
அ) டார்வினின் நூலை மட்டும்
ஆ) விவிலியத்தை மட்டும்
இ) இரண்டு நூல்களையும்
ஈ) சட்டநூலை

2. ரேச்சல் அடையும் மாற்றத்தைச் சரியாகக் குறிப்பது
அ) பரிணாமக் கொள்கையை முழுமையாக ஏற்றல்
ஆ) தானே படித்து எடைபோடும் துணிவு பெறுதல்
இ) தந்தையின் கருத்துக்குத் திரும்புதல்
ஈ) எதையும் நம்பாதிருத்தல்

3. நாடகத்தின் மேடையில் ஊர் எப்போதும் தெரியுமாறு அமைக்கப்பட்டது உணர்த்துவது
அ) ஊரின் அழகு
ஆ) ஊரின் தொலைவு
இ) ஊரும் விசாரணைக்கு உள்ளாதல்
ஈ) ஊரின் வறுமை

குறுவினா

1. கதைப்பொருள், மையக்கருத்து – வேறுபடுத்துக.
2. ‘கர்னல்’ பட்டக் காட்சி உணர்த்தும் கருத்து யாது?
3. கேட்ஸ் திருச்சபையை விட்டு விலகக் காரணம் என்ன?

சிறுவினா

1. மதபோதகர் பிரவுனும் இதழாளர் ஹார்ன்பெக்கும் எவ்வகையில் வேறுபடுகின்றனர்? எவ்வகையில் ஒன்றுபடுகின்றனர்?
2. ஆடுகுதிரை நிகழ்ச்சி வழியாக டிரம்மண்ட் உணர்த்தும் உண்மையை விளக்கி, அது ‘சிவிக் பயாலஜி’ நூலுக்குப் பொருந்துமாற்றைக் காட்டுக.

நெடுவினா

1. ‘பிரேடி வெறுக்கத்தக்கவரா, இரங்கத்தக்கவரா?’ – நாடக நிகழ்ச்சிகளைச் சான்றுகாட்டி நிறுவுக.
2. ‘எதிராளியின் உரிமையைக் காக்கும்போதுதான் கொள்கை கொள்கையாகிறது’ – டிரம்மண்ட் பாத்திரத்தின் வழி இக்கருத்தை ஆராய்க.